மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு: ரஷ்யர்கள் எப்படி வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஏன் போனார்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் நடப்பது உள்நாட்டுப் போர் என்கிறார்கள், ஆனால் செய்தியில் அடிபடுவதெல்லாம் ரஷ்யர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ருவாண்டாக்காரர்கள். அப்படியென்றால் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள், ரஷ்யா எப்படி உள்ளே வந்தது, பிரான்ஸ் ஏன் விட்டுவிட்டுப் போனது, இது முஸ்லிம்-கிறிஸ்தவச் சண்டைதானே?

மதச்சண்டையா என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. இந்த நாட்டில் தலையிட்ட எல்லோருமே, பிரான்ஸ், சாட், லிபியா, தென்னாப்பிரிக்கா, இப்போது ரஷ்யாவும் ருவாண்டாவும், தலைநகர் பாங்கியில் மாளிகையில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் காப்பாற்றவோ மாற்றவோதான் வந்திருக்கிறார்கள். அதற்குக் கூலி பெரும்பாலும் பணமாகக் கொடுக்கப்படுவதில்லை, கொடுக்கப் பணமும் இல்லை. சுரங்கம், காடு, சுங்கம் என்று ஏதாவது ஒரு குத்தகையாகவோ, எல்லையில் அண்டை நாட்டுக்குச் சாதகமான ஏற்பாடாகவோ போகிறது. நாட்டின் பரப்பு 6,22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், பிரான்ஸைவிடப் பெரியது, மக்கள்தொகை அறுபது லட்சத்தைத் தாண்டாது. பாங்கியை விட்டு ஒரு நாள் பயணம் போனால் அரசாங்கம் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே பல இடங்களில் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஊரைப் பிடித்தால் நாட்டைப் பிடித்த மாதிரி, அதுதான் வெளியாருக்கு வசதி.

குத்தகை என்று சொன்னேன் அல்லவா, அது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1899-ல் பிரான்ஸ் தன் காங்கோ பகுதியை, அப்போது உபாங்கி-ஷாரி என்று அழைக்கப்பட்ட இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பெரும்பகுதியையும் சேர்த்து, நாற்பது தனியார் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ரப்பரும் தந்தமும் கொண்டுவரச் சொல்லி ஆண்களைக் காட்டுக்குள் விரட்டுவார்கள், வரி கட்டும்வரை அவர்களுடைய மனைவி குழந்தைகளைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். 1904-ல் அப்படிப் பிடித்துவந்த பெண்களையும் குழந்தைகளையும் பாங்கியில் ஒரு குடிசைக்குள் அடைத்து வைத்ததில் 45 பெண்களும் 2 குழந்தைகளும் செத்தார்கள். இதையெல்லாம் விசாரிக்க 1905-ல் பிராஸாவையே அனுப்பினார்கள், காங்கோவின் தலைநகரான பிராஸவீல் யார் பெயரில் இருக்கிறதோ அதே மனிதர். ஊர் திரும்பும் வழியில் தாக்காரில் இறந்துபோனார், அறிக்கையை அரசாங்கம் வெளியிடாமல் பூட்டி வைத்துவிட்டது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், பாதை, பள்ளிக்கூடம், நிர்வாகம் என்று எதுவும் கட்டாமல் உள்ளே கிடப்பதை எடுத்துக்கொண்டு போவதற்காக மட்டும் அமைத்த இடம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஏற்பாட்டை மாற்றக்கூடியவராக இருந்த ஒரே தலைவர் பார்தெலெமி போகாண்டா. அவர் 1959 மார்ச்சில், சுதந்திரத்துக்கு ஓராண்டுக்கும் கொஞ்சம் முன்னால், விமான விபத்தில் இறந்துபோனார். விபத்தா சதியா என்ற பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை.

அப்புறம் முதல் அதிபராக வந்தது டாக்கோ, அவரைக் கவிழ்த்து 1966 புத்தாண்டு இரவில் ராணுவத் தளபதி பொகாசா. பொகாசாவைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் 1977 டிசம்பரில் அவர் தன்னைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டது ஞாபகம் வரும், தங்கக் கழுகு சிம்மாசனம், வெள்ளைக் குதிரைகள், ஆளைக் கிறுக்கனாகக் காட்டும் படங்கள். அந்தக் கூத்துக்குப் பணமும் பொருளும் கொடுத்துதவியது பிரான்ஸ் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. 1979-ல் சீருடை வாங்கும் விஷயத்தில் எதிர்ப்புக் காட்டிய பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் என்கரக்பா சிறையில் அடித்துக் கொன்ற செய்தி வெளியே வந்ததும் பாரிஸுக்கு அவர் பாரமாகிவிட்டார். செப்டம்பர் 20 இரவு, பொகாசா லிபியாவில் இருந்த நேரம் பார்த்து, பிரெஞ்சுப் படை பாங்கியில் இறங்கியது, பழைய டாக்கோவையும் தங்கள் விமானத்திலேயே கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தது. பராகுடா நடவடிக்கை என்று அதற்குப் பெயர். அடுத்த மாதமே, பொகாசா பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் டெஸ்டாங்குக்கு வைரம் பரிசளித்த கதை பாரிஸ் பத்திரிகையில் வந்தது, 1981-ல் ஜிஸ்கார் தேர்தலில் தோற்றதில் அதற்கும் பங்கு உண்டு.

1980-களில் நிலைமை இன்னும் நேரடியானது. அதிபர் கோலிங்பாவின் பாதுகாப்பை மான்சியோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி பார்த்துக்கொண்டார், பாதுகாப்பை மட்டும் என்று சொல்வது மரியாதைக்காக. பத்து வருடத்துக்கு மேல் நாட்டின் உண்மையான அதிகாரி அவர்தான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பாங்கியிலும் புவாரிலும் பிரெஞ்சுத் தளங்கள் இருந்தன, சாட் நாட்டிலும் மற்ற இடங்களிலும் நடவடிக்கை எடுக்க அங்கிருந்துதான் விமானங்கள் கிளம்பும்.

பிரான்ஸ் "போனது" 2022-ல் என்று நினைப்பவர்கள் 1998-ஐ விட்டுவிடுகிறார்கள். 1993-ல் ஓரளவு ஒழுங்கான தேர்தலில் பட்டாசே ஜெயித்தார். 1996-ல் சம்பளம் வராத ராணுவத்தினர் மூன்று முறை கலகம் செய்தார்கள், பிரெஞ்சுப் படை தெருவில் இறங்கி அடக்கியது, 1997 ஜனவரியில் இரண்டு பிரெஞ்சு வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பனிப்போரும் முடிந்துவிட்டது, இந்தச் செலவு எதற்கு என்று பாரிஸில் யோசித்து, 1998-க்குள் இரண்டு தளங்களையும் மூடிவிட்டுக் கிளம்பினார்கள். என் கணக்கில் இன்றைய கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரான்ஸ் விட்டுச் சென்ற இடத்தில் ஒரு அரசு உருவாகவில்லை, காவல்காரன் வேலை மட்டும் காலியானது, அதற்கு அக்கம்பக்கத்தில் போட்டி தொடங்கியது.

பட்டாசே முதலில் கடாஃபியைக் கூப்பிட்டார். 2001 மே மாதம் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது லிபிய வீரர்கள் வந்து காப்பாற்றினார்கள். போதாதென்று உபாங்கி ஆற்றின் அக்கரையிலிருந்து காங்கோ கிளர்ச்சித் தலைவர் ஜான்-பியர் பெம்பாவின் படையும் வந்தது. ஆறுதான் எல்லை, படகில் ஏறினால் இந்தக் கரை. 2002 அக்டோபரில் ராணுவத் தளபதியாக இருந்து விலக்கப்பட்ட போசிசே சண்டையைத் தொடங்கியபோது பெம்பாவின் ஆட்கள் மறுபடியும் வந்து, பாங்கியிலும் வடக்கே உள்ள ஊர்களிலும் செய்த கொலையும் பாலியல் வன்முறையும்தான் பிற்பாடு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கானது. 2016-ல் பெம்பாவுக்கு 18 ஆண்டு தண்டனை, 2018-ல் மேல்முறையீட்டில் விடுதலை. பாதிக்கப்பட்டவர்கள் என்று ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் அந்த வழக்கில் பதிவுசெய்திருந்தார்கள். அவர்கள் கைக்கு என்ன வந்தது என்று கேட்டால் சங்கடமான பதில்தான்.

அதற்குள் போசிசேவுக்குச் சாட் அதிபர் இத்ரிஸ் தேபி ஆதரவு கிடைத்துவிட்டது. 2003 மார்ச் 15, பட்டாசே நைஜரில் ஒரு மாநாட்டில் இருந்தார், போசிசே பாங்கிக்குள் நுழைந்தார். அவரோடு வந்தவர்களில் கணிசமானோர் சாட் நாட்டுக்காரர்கள், பிறகு பல வருடங்கள் அதிபரின் மெய்க்காவலிலும் சாட் வீரர்கள்தான் நின்றார்கள்.

சாட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ரஷ்யா பிரான்ஸ் என்று பேசும்போது எல்லோரும் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். சாட்டுக்கு இங்கே மூன்று கவலைகள். ஒன்று, அதன் எண்ணெய்க் கிணறுகள் தெற்கே, எல்லைக்குப் பக்கத்தில், தோபா பகுதியில் இருக்கின்றன. இரண்டாவது, தேபியைக் கவிழ்க்க நினைக்கும் ஆயுதக் குழுக்கள் ஒளிந்துகொள்ள மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் வடகிழக்கு தோதான இடம், சூடானின் தார்ஃபூரும் அங்கேயே ஒட்டியிருக்கிறது. மூன்றாவது மாடு. மழை பொய்த்த காலங்களில் சாட்டிலிருந்து பெரிய பெரிய மந்தைகள் தெற்கே மேய்ச்சலுக்கு இறங்குகின்றன, அந்த மாடுகளில் பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் மேய்ப்பவர்கள் இல்லை, சாட் தலைநகர் என்ஜமேனாவில் இருக்கும் பெரிய அதிகாரிகளும் ராணுவத்தினரும். அதனால் மந்தையோடு துப்பாக்கியும் வருகிறது. பயிரில் மாடு இறங்கிவிட்டது என்று ஆரம்பிக்கும் தகராறு துப்பாக்கி இருக்கும் இடத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் போரில் கிராமப்புறத்தில் நடந்த கொலைகளில் எத்தனையோ இந்த மேய்ச்சல் பாதைகளை ஒட்டித்தான் நடந்திருக்கின்றன.

பிரான்ஸும் முழுசாக ஒதுங்கிவிடவில்லை. 2006 இறுதியில் வடகிழக்கில் பிராவ் என்ற ஊரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்தபோது பிரெஞ்சு மிராஜ் விமானங்கள் குண்டு போட்டன, 2007 மார்ச்சில் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். ஊரின் பெரும்பகுதி எரிந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு பாரிஸில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இனி 2012-13. வடகிழக்கிலிருந்த பல குழுக்கள் செலேகா என்ற பெயரில் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த வடகிழக்கு, பாங்கியைவிடச் சூடானோடும் சாட்டோடும் நெருக்கமான பகுதி, பெரும்பாலும் முஸ்லிம்கள், அரசாங்கம் அவர்களை வெளிநாட்டுக்காரர்களாகவே நடத்தியது. சாவடிக்குச் சாவடி பெயரைக் கேட்டுவிட்டுப் பணம் பிடுங்குவது சாதாரணம். அதோடு வைர வியாபாரிகளிடமிருந்து போசிசேயின் ஆட்கள் 2008-ல் சரக்கைப் பறிமுதல் செய்ததில் பாதிக்கப்பட்டவர்கள் கிளர்ச்சிக்குப் பணம் போட்டார்கள். சாட், சூடான் நாட்டுக் கூலிப்படையினரும் சேர்ந்தார்கள். போசிசே பிரான்ஸைக் கூப்பிட்டார், பிரெஞ்சு அதிபர் ஓலாந்து மறுத்தார்: நாங்கள் இருப்பது எங்கள் குடிமக்களையும் நலன்களையும் காக்க, ஒரு ஆட்சியைக் காக்க இல்லை என்றார். சாட்டும் கைவிட்டுவிட்டது. தாமாரா என்ற ஊர்தான் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் அண்டை நாடுகளின் கூட்டான பிராந்தியப் படை சும்மா இருக்காது என்றார்கள், தாண்டியபோது சும்மாதான் இருந்தார்கள்.

கடைசியில் நின்றது தென்னாப்பிரிக்கா. பயிற்சி தருவதற்காக 2007-ல் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் இருநூற்றுச் சொச்சம் வீரர்கள் அங்கே இருந்தார்கள். 2013 மார்ச் 22 முதல் 24 வரை நடந்த சண்டையில் அவர்களில் 13 பேர் செத்தார்கள். யாருடைய போரில், எதற்காக என்று தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, சுரங்க நலன்கள் என்ற குற்றச்சாட்டை ஜூமா அரசாங்கம் மறுத்தது, படை ஊர் திரும்பியது. செலேகா பாங்கியைப் பிடித்து மிஷேல் ஜோட்டோடியாவை அதிபராக்கியது. நாட்டின் முதல் முஸ்லிம் அதிபர், சோவியத் யூனியனில் படித்தவர்.

இப்போது மதச்சண்டைக் கேள்விக்கு வருவோம். செலேகா பத்து மாதம் கொள்ளையடித்தது, கிராமங்களை எரித்தது. அதற்கு எதிராக ஊர்க்காவல் குழுக்களாக இருந்தவையும் போசிசேயின் பழைய ராணுவத்தினரும் சேர்ந்து ஆன்டி-பலாகா ஆனார்கள். செலேகாவில் பெரும்பாலோர் முஸ்லிம், ஆன்டி-பலாகாவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது உள்ளூர் வழிபாட்டினர். 2013 டிசம்பர் 5 அன்று ஆன்டி-பலாகா பாங்கிக்குள் புகுந்தது, ஓரிரு நாட்களில் நூற்றுக்கணக்கில் பிணங்கள். அதே நாள் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2127-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது, பிரான்ஸின் சங்காரிஸ் நடவடிக்கை தொடங்கியது. முதலில் 1,600 வீரர்கள், பிறகு 2,000. சங்காரிஸ் என்பது ஒரு பட்டாம்பூச்சியின் பெயர், நான்கிலிருந்து ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். ஏறத்தாழ மூன்று வருடம் இழுத்தது.

சங்காரிஸின் பெரிய தவறு என்று நான் நினைப்பது, முதலில் செலேகாவின் ஆயுதங்களைப் பிடுங்கியது. ஆபத்து அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆயுதம் போனதும் பாங்கியிலும் மேற்கிலும் வாழ்ந்த சாதாரண முஸ்லிம் குடும்பங்கள், கடைக்காரர்கள், மாடு மேய்க்கும் புல்பேக்கள், அவர்கள்மேல் ஆன்டி-பலாகா பாய்ந்தது. தடுக்க ஆள் போதவில்லை. 2014 முதல் மாதங்களில் சாட் ராணுவ லாரிகளில் ஏறி ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். லாரியிலிருந்து தவறி விழுந்தவர்களைக் கும்பல் அடித்துக் கொன்றதும் உண்டு. நாட்டிலிருந்த 436 பள்ளிவாசல்களில் 417 அழிக்கப்பட்டுவிட்டன என்று ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் 2015-ல் சொன்னார். ஐ.நா. விசாரணைக் குழு இதை முஸ்லிம்களுக்கு எதிரான இனத் துப்புரவு என்றே பதிவு செய்தது. அதனால் மதம் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பெயரைக் கேட்டுக் கொன்றவனுக்கு முன்னால் அந்த வாதம் நிற்காது. ஆனால் போர் மதத்தில் தொடங்கவில்லை. பாங்கி பேராயர் என்சபலைங்காவும் இமாம் கோபின் லாயமாவும் ஒரே வீட்டில் தங்கினார்கள், இமாமுக்குப் பேராயர் இல்லத்தில்தான் அடைக்கலம். கார்னோ ஊரில் தேவாலய வளாகத்துக்குள் மாதக்கணக்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள். பிற்பாடு பழைய செலேகா குழுக்களே தங்களுக்குள் வெட்டிக்கொண்டதும், 2020-ல் பழைய செலேகாவும் ஆன்டி-பலாகாவும் ஒரே கூட்டணியில் கைகோத்ததும் பார்த்தால், மதச்சண்டை என்ற லேபிள் வெளியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று புரியும். அவர்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், நாம் சமாதானம் செய்யப் போனோம் என்று சொல்லிவிடலாம் இல்லையா.

சமாதானம் செய்யப் போனவர்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். 2014 மார்ச்சில் பாங்கியின் புறநகரில் ஒரு சந்தையில் சாட் வீரர்கள் சுட்டதில் முப்பது பேர் அளவுக்குச் செத்தார்கள், சாட் தன் அமைதிப்படைப் பிரிவைத் திருப்பி அழைத்துக்கொண்டது. அகதிகள் தங்கியிருந்த விமான நிலைய முகாமில் பிரெஞ்சு வீரர்கள் உள்ளிட்டோர் சாப்பாட்டுக்காகப் பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்ற புகார் 2014-லேயே ஐ.நா.வுக்குத் தெரியும். அதைப் பிரெஞ்சு அரசுக்குத் தெரிவித்த ஐ.நா. அதிகாரி ஆண்டர்ஸ் கோம்பாஸ்தான் முதலில் இடைநீக்கம் ஆனார். ஐ.நா. படையின் தலைவர் பாபாகர் கயே 2015 ஆகஸ்ட்டில் பதவி விலக வைக்கப்பட்டார். பிரான்ஸில் வழக்கு யார்மேலும் குற்றப்பத்திரிகை இல்லாமல் 2018-ல் தள்ளுபடி. பாங்கி மக்களிடம் ரஷ்யர்களைப் பற்றிக் கேட்டால் பலர் ஏன் கோபப்படுவதில்லை என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

சரி, ரஷ்யா. ஜோட்டோடியாவை 2014 ஜனவரியில் என்ஜமேனாவுக்கு வரவழைத்து, இடைக்கால நாடாளுமன்ற உறுப்பினர்களையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், வேற்று நாட்டுத் தலைநகரில் வைத்தே ராஜினாமா செய்ய வைத்தார்கள். இடைக்கால அரசுக்குப் பிறகு 2016 தேர்தலில் ஜெயித்தவர் துவாதேரா, கணிதப் பேராசிரியர், பாங்கி பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். அவர் பதவியேற்ற அதே வருடம் அக்டோபரில் சங்காரிஸ் முடிந்தது. ஐ.நா.வின் மினுஸ்கா படை பன்னிரண்டாயிரம் பேரோடு இருந்தது (இலங்கை விமானப்படை ஹெலிகாப்டர்களும் அதில் பறந்தன), ஆனால் அவர்கள் அரசாங்கத்துக்காக ஊர் பிடித்துத் தரமாட்டார்கள். நாட்டின் முக்கால்வாசி ஆயுதக் குழுக்களின் கையில், ராணுவத்துக்குக் கொடுக்கத் துப்பாக்கி இல்லை, 2013-லிருந்து ஆயுதத் தடை வேறு.

நடந்ததை வரிசையாகப் பார்த்தால் பாரிஸ் செய்த ஏமாளித்தனம் தெரியும். சோமாலியா கடலில் பிடித்த ஆயுதங்களைக் கொடுக்கலாம் என்று பிரான்ஸ் யோசனை சொன்னது, பாதுகாப்புச் சபையில் ரஷ்யா மறுத்தது. 2017 அக்டோபரில் துவாதேரா ரஷ்யாவின் சோச்சிக்குப் போய் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவைச் சந்தித்தார். டிசம்பரில் ரஷ்யா தானே ஆயுதம் கொடுக்கத் தடையிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது, பிரான்ஸ் எதிர்க்கவில்லை. ஆயுதத்தோடு 175 பயிற்சியாளர்கள் வந்தார்கள், அதில் 5 பேர்தான் ராணுவத்தினர், மீதி 170 பேர் "சிவிலியன்கள்". அந்தச் சிவிலியன்கள்தான் வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் கூலிப்படை. முகாம் போட்ட இடம் பெரெங்கோ, பொகாசாவின் பழைய அரண்மனை. வலேரி சகாரோவ் என்ற ரஷ்யர் அதிபரின் பாதுகாப்பு ஆலோசகரானார். வாக்னரின் முதலாளி பிரிகோஷினோடு தொடர்புடைய லொபாயே இன்வெஸ்ட் என்ற கம்பெனிக்குச் சுரங்க உரிமங்கள் போயின. இதை விசாரிக்க வந்த ஜெமால், ரஸ்தோர்குயெவ், ரத்சென்கோ என்ற மூன்று ரஷ்யப் பத்திரிகையாளர்கள் 2018 ஜூலை 30 இரவு சிபுத் ஊருக்கு அப்பால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொள்ளைக்காரர்கள் வேலை என்றது அரசுத்தரப்பு.

துவாதேராவை வெறும் பொம்மை என்று பார்ப்பதும் தப்பு. பிரான்ஸையும் ரஷ்யாவையும் ருவாண்டாவையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துத் தன் நாற்காலியைக் காத்துக்கொண்டவர் அவர், முன்னால் இருந்தவர்களைவிடச் சாமர்த்தியசாலி. 2020 டிசம்பரில் அது பலித்தது. போசிசே தேர்தலில் நிற்கக் கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தடுத்ததும், அவர் எந்தக் குழுக்களால் துரத்தப்பட்டாரோ அவற்றையே சேர்த்துக்கொண்டு தலைநகரை நோக்கிக் கிளம்பினார். ருவாண்டா சில நாட்களில் முந்நூறு வீரர்களை அனுப்பியது, ரஷ்யாவும் கூடுதலாக முந்நூறு "பயிற்சியாளர்களை" அனுப்புவதாகச் சொன்னது. டிசம்பர் 27-ல் வாக்குப்பதிவு, நாட்டின் பல பகுதிகளில் நடக்கவே இல்லை. ஜனவரி 13 அன்று பாங்கி மேல் நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பிறகு சில மாதங்களில் பம்பாரி, பிரியா, போசங்கோவா என்று முக்கிய ஊர்களெல்லாம் அரசின் கைக்கு வந்தன. பத்து வருடமாக யாராலும் முடியாததை ரஷ்யர்கள் செய்தார்கள் என்று பாங்கியில் சொல்வார்கள். பொய் என்று ஒதுக்க முடியாது, பெரிய ஊர்களுக்கு இடையே போக்குவரத்து திறந்தது உண்மை.

விலை என்ன என்பதுதான் அடுத்தது. 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையிலான மனித உரிமை மீறல்களைப் பதிவுசெய்த ஐ.நா. அறிக்கை, அதில் 46 சதவீதம் அரசுப் படைகளும் அவர்களின் ரஷ்யக் கூட்டாளிகளும் செய்தது என்றது. பம்பாரியில் ஒரு பள்ளிவாசலுக்குள் இருந்தவர்கள் கொல்லப்பட்டது அந்தக் காலத்தில்தான். பம்பாரிக்குப் பக்கத்திலுள்ள எந்தாசிமா தங்கச் சுரங்கம் ஆக்ஸ்மின் என்ற கனடா கம்பெனியிடமிருந்து பறிக்கப்பட்டு, வாக்னரோடு தொடர்புடைய மிடாஸ் ரிசோர்சஸுக்குப் போனது. காட்டு மரம், சுங்க வசூல், பீர், வோட்கா என்று கை நீண்டது. 2022 ஏப்ரலில் பிட்காயினைச் சட்டப்படியான நாணயமாக்கிய வேடிக்கையும் நடந்தது, மின்சாரமே எட்டாத நாட்டில். அடுத்த வருடமே அதைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார்கள். துவாதேரா மூன்றாவது முறை நிற்பதற்குக் குறுக்கே நின்ற அரசியலமைப்பு நீதிமன்றத் தலைவி டானியேல் தார்லான் 2022 அக்டோபரில் நீக்கப்பட்டார், 2023 ஜூலை பொது வாக்கெடுப்பில் பதவிக்கால வரம்பே போய்விட்டது.

பிரான்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது? 2020 டிசம்பரில் ஃபேஸ்புக் நிறுவனம் போலிக் கணக்கு வலைப்பின்னல்களை நீக்கியது, சில ரஷ்யாவோடு தொடர்புடையவை, ஒன்று பிரெஞ்சு ராணுவத்தோடு தொடர்புடையவர்கள் நடத்தியது, இரண்டும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு மக்களின் பெயரில் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. 2021-ல் ராணுவ ஒத்துழைப்பையும் நிதியுதவியையும் நிறுத்தினார்கள், 2022 டிசம்பரில் கடைசிப் பிரெஞ்சு வீரர்கள் விமானம் ஏறினார்கள். விட்டுக்கொடுத்தது என்பதைவிட, விற்க எதுவும் மிஞ்சவில்லை என்பேன். மாளிகைக்குக் காவல் என்ற சரக்கை இன்னொருவர் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார், பிரெஞ்சுக்காரர்களோ ஓரளவுக்கு நிபந்தனை வைக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள்.

ருவாண்டாவை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அதுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். ஐ.நா. படையில் அதிக வீரர்கள் அவர்களுடையவர்கள், 2022 முதல் அதன் தலைவியும் ருவாண்டாக்காரரான ருக்வாபிசா, அதற்கு வெளியே தனி ஒப்பந்தத்தில் வந்த படை வேறு, பின்னாலேயே நிலம், சுரங்கம் என்று கம்பெனிகளும். ஒரே நாடு நடுவராகவும் ஆட்டக்காரராகவும் இருப்பது பற்றி நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்தில் பெரிய முணுமுணுப்பு இல்லை.

பிரிகோஷின் 2023 ஆகஸ்ட்டில் விமானம் விழுந்து இறந்த பிறகு என்ன என்று கேட்டால், மாலி போன்ற இடங்களில் வாக்னர் விலகி ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆப்பிரிக்கா கோர் என்ற படை வந்தது, பாங்கியில் மட்டும் வாக்னர் பெயரிலேயே தொடர்ந்தார்கள். பிரிகோஷினுக்கு அங்கே சிலையே வைத்தார்கள். புதியவர்களை ஏற்றுக்கொண்டு கூலியைச் சுரங்கமாக இல்லாமல் ரொக்கமாகக் கொடுங்கள் என்று மாஸ்கோ நெருக்குவதாகவும், துவாதேரா தயங்குவதாகவும் 2025-ல் செய்திகள் வந்தன. ரொக்கம் எங்கே இருக்கிறது? 2025 ஏப்ரலில் சாட் மத்தியஸ்தத்தில் இரண்டு பெரிய ஆயுதக் குழுக்கள் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன, ஜூலையில் தங்களைக் கலைத்துவிட்டதாக அறிவித்தன, அது நல்ல செய்திதான்.

ஆனால் நீங்கள் இனிமேல் இந்த நாட்டைக் கவனிப்பதாக இருந்தால் பாங்கியை விட்டுவிட்டுத் தென்கிழக்கு மூலையைப் பாருங்கள், தெற்கு சூடானும் காங்கோவும் சந்திக்கும் ஓ-எம்போமு பகுதி. அங்கே கொள்ளைக் குழுக்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள ஆசாண்டே இன இளைஞர்கள் ஒரு படை திரட்டினார்கள். 2024-ல் வாக்னர் அவர்களில் இருநூறு பேர் அளவுக்குப் பயிற்சி கொடுத்து ராணுவத்தோடு சேர்த்தது. அடுத்த வருடம் அதே ஆசாண்டே படைக்கும் ராணுவத்துக்கும் செமியோ பக்கத்தில் சண்டை, ஊர் மக்கள் ஆற்றைத் தாண்டிக் காங்கோவுக்கு ஓடினார்கள். அங்கே எந்தாசிமா போன்ற பெரிய தங்கச் சுரங்கமும் இல்லை, அதிபர் மாளிகையும் இல்லை, அதனால் அவர்களுக்குக் காவல் அனுப்ப யாருக்கும் அவசரமும் இல்லை.